அலைகள் சுமக்கும் அமானிதம்

நிலத்தை அளந்து எல்லைக்கல் நட்டுக்கொள்ளும் மனிதன், கடலோடு மட்டும் அவ்வாறு எல்லை பேசிக்கொள்ள இயலாதவனாகவே இருக்கிறான். பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது 'கிழக்கே கடல்' என்று எழுதிக் கையொப்பமிடுகிறோம். மை உலர்வதற்குள்ளாகவே அந்தக் கிழக்கெல்லை சற்று முன்னோ பின்னோ நகர்ந்திருக்கும். இந்த நகர்வைப் பல்லாண்டுகளாகப் பொறுமையோடு அளந்து வருகின்ற அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வாறு அளக்கிறார்கள், அந்த அளவைகள் கடலோர மக்களாகிய நம்மிடம் எதைக் கேட்கின்றன என்பதைப் பற்றிச் சில செய்திகளை வாசகர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறேன்.

நமக்கும் கடற்கரைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பழவேற்காடு, கோட்டக்குப்பம், பரங்கிப்பேட்டை, நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என்று நம் முன்னோர் மரக்கலம் ஏறிய ஊர்கள் யாவும் நீரும் நிலமும் கைகோக்கும் இடத்திலேயே அமைந்தவை. அவ்விடம் நிலையற்றது என்பதற்கும் நம் தென்பாண்டிக் கரையே சான்று. முத்துத் துறையாகத் திகழ்ந்த கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிவிட, துறை காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய அந்தக் காயலும் பின்னர் அதே கதியை அடைந்தது. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அவ்வூர்களை ஆராய்ந்து இந்த இடப்பெயர்ச்சியை விளக்கினார். ஆகவே, கரை நகரும் என்பது புதிய செய்தியன்று. எவ்வளவு நகர்கிறது, எதனால் நகர்கிறது, அதனால் இழப்பவர் யார் என்பவைதாம் விடை வேண்டும் கேள்விகள்.

கண்ணும் நினைவும் போதா

"எங்கள் வாப்பா காலத்தில் கடல் அந்தப் பனைமரத்துக்கு அப்பால் இருந்தது" என்று கூறாத முதியவர் கடலோர ஊர்களில் இல்லை. அவர்கள் பொய்யுரைப்பதில்லை. ஆயினும், கடற்கரை மூச்சுவிடும் உயிரைப் போன்றது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பேரலைகள் கரை மணலை வாரிச்சென்று சற்றுத் தொலைவில் கடலடியில் திட்டாகக் குவிக்கின்றன. காற்று ஓய்ந்த மாதங்களின் சிற்றலைகள் அம்மணலைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொணர்ந்து சேர்க்கின்றன. கார்த்திகையில் பார்த்தவர் 'கரை போயிற்று' என்பார். பங்குனியில் பார்த்தவர் 'கரை வளர்ந்தது' என்பார். இருவரும் உண்மையே உரைத்தார்கள். எனினும், ஓராண்டு முழுமைக்கும் கரை அடைந்தது இலாபமா நட்டமா என்பதை இருவரின் சொல்லிலிருந்தும் அறிய முடியாது.

பருவத்தைப் போலவே ஓதமும் கண்ணை ஏமாற்றும். பிறைக் கணக்கோடு வாழும் நமக்கு இதனை விளக்குவது எளிது. தலைப்பிறையை ஒட்டியும் பதினான்காம் பிறையை ஒட்டியும் கடல்நீர் மிகுதியாக ஏறி மிகுதியாக வற்றும்; ஏழாம் பிறையிலும் இருபத்திரண்டாம் பிறையிலும் அந்த ஏற்றவற்றம் குறைந்துவிடும். சென்னைத் துறைமுகத்தில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர் ஏறி இறங்குகிறது. இதைச் சிறிய அளவென்று எண்ணிவிடலாகாது. முப்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்னும் சரிவில் தாழ்ந்து செல்லும் மணற்கரையில், அந்த ஒரு மீட்டர் ஏற்றம் நீர்க்கோட்டை முப்பது மீட்டர் உள்ளே கொண்டுவந்துவிடும். காலையில் ஒரு படமும் மாலையில் ஒரு படமும் எடுத்துவிட்டு, 'ஒரே நாளில் முப்பது மீட்டர் கரையைக் கடல் விழுங்கிற்று' என்று ஒருவர் நிறுவிவிட முடியும்.

சாட்சிகளைச் சோதிக்கும் முறை

மதரஸாவில் ஹதீஸ் கலையைப் பயிற்றுவிக்கும்போது, செய்தியைக் காட்டிலும் செய்தி வந்த வழியைச் சோதிப்பதில் நம் இமாம்கள் காட்டிய கண்டிப்பை மாணவர்களுக்கு எடுத்துரைக்கிறோம். அறிவிப்பாளர் யார், நினைவாற்றல் உடையவரா, யாரிடம் கேட்டார், வேறு வழியாகவும் அச்செய்தி வந்துள்ளதா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே ஒரு செய்தியை அவர்கள் ஏற்றார்கள். கரையை அளப்போரின் முறையைப் பற்றிப் படித்தபோது, அந்தக் கண்டிப்பின் சாயலை அங்கும் கண்டு வியந்தேன்.

அவர்களுடைய முதற் சாட்சி பழைய நிலப்படம். 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணியின் வழியே, நம் நாட்டிற்குத் துல்லியமான நிலப்படங்கள் கிடைத்தன. அவை கரை முன்பு எங்கிருந்தது என்பதைச் சொல்லுகின்றன. இரண்டாம் சாட்சி செயற்கைக்கோள். 1972இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட், 1988இல் நம் நாடு அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1ஏ, 2015 முதல் ஐரோப்பியர் அனுப்பிவரும் சென்டினல் 2 ஆகியவை கரைகளைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்துவந்தவை. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை நீர் உறிஞ்சிக்கொள்வதால் அப்படத்தில் கடல் கருமையாகவும், நிலம் வெளிச்சமாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடே கரைக்கோடு.

இச்சாட்சிக்கும் குறையுண்டு. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் முப்பது மீட்டர் நீள அகலமுடையது. சென்டினல் படத்தில் பத்து மீட்டர். ஐந்து மீட்டர் கரை இழப்பை ஒற்றைப் படம் காட்டாது. ஆகவே பல ஆண்டுகளின் படங்களை, கூடுமானவரை ஒரே பருவத்தில் ஒத்த ஓத நிலையில் எடுக்கப்பட்டவையாகத் தேர்ந்தெடுத்து, அவற்றின் கரைக்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைகிறார்கள். நிலப்பக்கத்தில் அசையாத ஓர் அடிக்கோட்டை அமைத்து, அதிலிருந்து கடலை நோக்கி, குறிப்பிட்ட இடைவெளியில், ஏணிப்படிகளைப்போல் குறுக்குக் கோடுகளை இழுக்கிறார்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஆண்டுதோறும் கரை நின்ற தொலைவைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு இத்தனை மீட்டர் என்று விகிதம் காண்கிறார்கள். கணக்கில் நேரக்கூடிய பிழையின் அளவையும் உடன் சொல்லுகிறார்கள். பிழையளவைச் சொல்லாத கணக்கை அத்துறையினர் மதிப்பதில்லை.

மூன்றாம் சாட்சி மனிதனின் காலடி. மட்டக்கோலும் நிலைகாட்டும் கருவியும் ஏந்திக் கரைக்கே வந்து, மணல்மேட்டிலிருந்து நீருக்குள் முழங்காலளவு வரையில் மணலின் உயரத்தை அளக்கிறார்கள். படகில் சென்று ஒலியலைக் கருவியால் கடலடியின் ஆழத்தைக் காண்கிறார்கள். ஓதமானி நீர்மட்டத்தையும், கடலில் நங்கூரமிட்ட மிதவை அலையின் உயரத்தையும் திசையையும் இடைவிடாது குறித்துவருகின்றன. வானத்தின் சாட்சியும் தரையின் சாட்சியும் ஒத்துவந்தால்தான் முடிவு.

சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இவ்வாறு 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஆராய்ந்தது. நம் நாட்டுப் பெருநிலக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிக்கப்பட்டு வருவதாகவும், நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் வளர்ந்து வருவதாகவும், எஞ்சியது நிலையாக இருப்பதாகவும் அது கண்டது. தமிழகக் கரையில் அரிப்புக்குள்ளான பகுதி நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். ஓரிடம் தேய, வேறோரிடம் வளர்கிறது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். மணல் எங்கே போகிறது?

கரையோரம் ஓடும் மணலாறு

அலை கரையை நேராக வந்து மோதுவதில்லை, சாய்ந்து மோதுகிறது. சாய்வாக ஏறும் நீர் நேராக இறங்கும்போது, ஒவ்வொரு மணற்பருக்கையும் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் சோழமண்டலக் கரையின் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் செல்கிறது. வடக்கு நோக்கிய காலமே நீண்டதாகையால், ஆண்டு முடிவில் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே சென்றிருக்கும். கண்ணுக்குப் புலனாகாத ஒரு மணலாறு ஒவ்வோர் ஊரின் வாசலையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த ஆற்றின் குறுக்கே ஒரு கல்சுவரை நீட்டினால் என்ன நிகழும்? 1876இல் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே சென்றுகொண்டிருந்த மணல் தென்புறத்திலேயே தடைப்பட்டுக் குவிந்தது. நாம் குடும்பத்தோடு சென்று அமரும் மெரினாவின் பரந்த மணல்வெளி அவ்வாறு வளர்ந்ததே. மணல் வராத வடபுறத்தில், இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள மீனவக் குடியிருப்புகளின் கரை தலைமுறை தலைமுறையாக அரிக்கப்பட்டு வந்தது. ஒரு நகரம் அடைந்த அழகின் விலையை அதே நகரத்தின் ஏழைகள் செலுத்தினார்கள்.

1980களின் இறுதியில் புதுவையிலும் இது நிகழ்ந்தது. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கல்சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் சேர்ந்தது. நகரத்தின் கடற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது. நகரைக் காக்கக் கருங்கற்களைக் கொட்டினார்கள். அரிப்பு அங்கே நின்று வடக்கே நகர்ந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள கோட்டக்குப்பத்தை அடுத்த தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களின் மீனவர்கள் வலை உலர்த்தும் இடத்தையும் வீடுகளையும் இழந்தார்கள். 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நகரக் கரைக்கு எதிரே கடலடியில் எஃகாலான ஒரு திட்டை அமைத்த பின்னர், புதுவை மக்கள் மீண்டும் மணலைக் கண்டார்கள். துறைமுகம் ஓர் ஆட்சிக்குட்பட்டது. துன்பம் வேறோர் ஆட்சிக்குட்பட்டது. மணலுக்கு மாநில எல்லை தெரியாது.

உவர்நீரும் நன்னீரும் சந்திக்கும் இடம்

ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்திலும் இதே மணலாறு தன் கணக்கைத் தீர்க்கிறது. இனிய நீரும் உவர்ந்த நீரும் அடுத்தடுத்து விடப்பட்டிருப்பதையும் அவற்றினிடையே உள்ள தடுப்பையும் பற்றித் திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயமாகிய 'அல்ஃபுர்கான்' பேசுகிறது. அந்த வசனத்தை ஓதிவிட்டு, 'அன்றே சொல்லப்பட்டுவிட்டது' என்று பெருமிதம் கொள்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். அத்தாட்சியைச் சுட்டிக்காட்டியவன் இறைவன். அதனை உற்றுநோக்கும் பொறுப்பு நம்முடையதன்றோ?

உற்றுநோக்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை வெள்ளாற்றுக் கழிமுகத்தில் காணலாம். பரங்கிப்பேட்டையில் அதன் கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருக்கிறது. ஓர் ஓதம் ஏறி, வற்றி, மீண்டும் ஏறுவதற்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்களாகும். ஆகவே ஆய்வாளர்கள் ஸுப்ஹு வேளையில் படகில் ஏறினால், மஃரிப் வரையில் குறித்த இடங்களில் மணிக்கொரு முறை மேல்நீரையும் அடிநீரையும் எடுத்து உப்பின் அளவைக் காண்கிறார்கள். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மேலே மிதந்து செல்ல, கனமான கடல்நீர் ஆப்பு வடிவில் அடியில் நுழைகிறது. கோடையில் ஆறு வறண்டுவிட்டால் அந்த உவர்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிக் கிணறுகளையும் தொட்டுவிடுகிறது.

ஆற்றின் வேகம் குறைந்தால் மற்றொன்றும் நிகழும். கரையோரம் நகரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். பழவேற்காட்டில் முகத்துவாரம் தூர்ந்த காலங்களில், படகுகள் கடலுக்குச் செல்ல வழியின்றி மீனவர்கள் பட்ட துயரம் நாடறிந்தது. இறால் குஞ்சு உள்ளே வருவதும் அவ்வழியே. வெள்ளம் வெளியேறுவதும் அவ்வழியே. அணைகளில் மணல் தங்கிவிட, ஆற்றுப் படுகையிலும் நாம் மணலை அள்ளிவிட்டால், கரைக்கு ஊட்டம் எங்கிருந்து வரும்? எகிப்தில் 1970இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்பட்ட பின், நைல் நதியின் வண்டல் கடலை அடைவது நின்றது. ஏற்கெனவே தேயத் தொடங்கியிருந்த ரஷீத் முகத்துவார முனை மேலும் விரைந்து அரிக்கப்பட்டது.

அளவையே நீதி

அளப்பது நமக்கு அந்நியமான கலையன்று. கெய்ரோ நகரின் ரவ்ளா தீவில், அப்பாஸியக் கலீஃபா முதவக்கிலின் ஆட்சியில், கி.பி. 861இல் எழுப்பப்பட்ட நைல் அளவுத்தூண் இன்றும் நிற்கிறது. முழக்கணக்கில் கோடுகள் பொறிக்கப்பட்ட அந்தத் தூணில் நீர் ஏறும் உயரத்தை ஆண்டுதோறும் குறித்தார்கள். ஹிஜ்ரி முதலாம் ஆண்டாகிய கி.பி. 622 தொடங்கி நைலின் நீர்மட்டப் பட்டியல் வரலாற்று நூல்களில் காக்கப்பட்டிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் ஹெரால்டு எட்வின் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேய நீரியல் அறிஞர் அந்தப் பட்டியலையும் ஆராய்ந்து, வறட்சியும் வளமும் தொடர்ந்து வரும் போக்கைப் பற்றிப் புகழ்பெற்ற முடிவுகளைக் கண்டார். அந்தத் தூண் அழகுக்காக நடப்பட்டதன்று. வெள்ளம் ஏறிய உயரமே அவ்வாண்டின் நிலவரிக்கு அடிப்படை. நீர் குறைந்த ஆண்டில் உழவனிடம் நிறைந்த ஆண்டின் வரியைக் கேட்பது அநீதியாகும் என்பதனால் அளந்தார்கள்.

மதீனாவின் மஹ்ஸூர் ஓடையைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பு ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மேல்நிலத்துக்காரர் தம் நிலத்தில் கணுக்கால் அளவு நீர் தேங்கும் வரையில் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் கீழ்நிலத்துக்காரருக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. மேலே இருப்பவருக்கு முன்னுரிமை உண்டு. முழு உரிமை இல்லை. அதற்கும் ஓர் அளவு வகுக்கப்பட்டது, கணுக்காலே அளவுகோல்.

எங்கள் ஊரில் இத்தீர்ப்பை நினைவுகூர வேண்டிய நாள் ஒன்று வந்தது. எங்கள் மையவாடி கடலை ஒட்டியது. சில ஆண்டுகளாக மழைக்காலந்தோறும் அலைகள் அதன் கிழக்குச் சுவரைத் தொட்டுச் செல்கின்றன. என் உம்மாவின் கப்று அச்சுவரிலிருந்து நான்காம் வரிசையில் இருக்கிறது. கரையில் கருங்கல் கொட்டித் தருமாறு அரசுக்கு மனுச்செய்வதென்று ஜமாஅத் கூடியபோது, அதனை மறுத்துப் பேச எவருக்கும் மனம் வரவில்லை. ஆனால், எங்களுக்கு வடக்கே அரைக் கிலோமீட்டர் தொலைவில் மீனவக் குப்பம் இருக்கிறது. தலைமுறைகளாக மாமன், மச்சான் என்று முறைவைத்து அழைத்துப் பழகியவர்கள். எங்கள் கல் அவர்களுடைய மணலைத் தடுக்குமானால்? புதுவைக்கு வடக்கே நிகழ்ந்ததை எடுத்துரைத்தேன். ஓர் இளைஞர் பொறுமையிழந்து, "ஹஜ்ரத், நம் பெற்றோரின் கப்றுகள் கடலோடு போகட்டும் என்கிறீர்களா?" என்று கேட்டார். "போகக் கூடாது, தம்பி. ஆனால், மௌத்தானவர்களின் இடத்தைக் காக்க, உயிரோடிருப்பவர்களின் வீட்டை எடுத்துக்கொள்ள நமக்கு ஹக்கு உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்" என்றேன். மஹ்ஸூர் ஓடையின் தீர்ப்பையும் சொன்னேன்.

நெடுநேர விவாதத்திற்குப் பின் மனுவின் வாசகம் மாறிற்று. இரண்டு ஊர்களின் கரையையும் சேர்த்து ஓராண்டுக்கேனும் அளந்து பார்த்த பின்னரே எந்தத் தடுப்பையும் அமைக்க வேண்டும் என்று எழுதினோம். முத்தவல்லியும் குப்பத்து நாட்டாரும் சேர்ந்து கையொப்பமிட்டார்கள். கிழக்கு வரிசைகளில் புதிதாக அடக்கம் செய்வதில்லை என்றும் ஜமாஅத் முடிவு செய்தது. மனு இன்னும் கோப்பில் இருக்கிறது. அலையும் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இளைஞரின் கேள்வியை நான் இலேசாக எண்ணவில்லை. நீதியாக நடப்பதனால் இழப்பே நேராது என்று எவரும் நமக்கு வாக்களிக்கவில்லை.

அரசு வந்து அளக்கும் வரையில் நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. எமரி என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் எழுதிய எளிய முறை ஒன்று உண்டு. ஒரே உயரமுள்ள இரண்டு கோல்கள், அவற்றை இணைக்கும் ஒரு கயிறு, இவையே கருவிகள். மேலிருந்து கீழாகக் கோல்களில் அளவு குறித்திருக்க வேண்டும். கயிற்றின் நீளத்திற்கு ஒரு கோலைக் கடல்பக்கமும் மற்றொன்றை நிலப்பக்கமும் நிறுத்தி, முன்கோலின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பார்வைக்கோடு பின்கோலில் எந்த அளவில் வெட்டுகிறதோ, அதுவே அவ்விடத்தில் கரை தாழ்ந்திருக்கும் அளவு. இவ்வாறு மையவாடிச் சுவரிலிருந்து நீர்விளிம்பு வரை படிப்படியாகச் சென்றால் கரையின் வடிவம் தாளில் வந்துவிடும். எங்கள் மதரஸா மாணவர்கள் மாதந்தோறும் பதினைந்தாம் பிறையன்று, நீர் வற்றும் நேரத்தில் இதனைச் செய்துவருகிறார்கள். குப்பத்துப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கரையில் அவ்வாறே செய்து, இரு ஊர்க் கணக்கையும் ஒரே குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். வருங்காலத்தில் அளக்க வருவோருக்கு அது ஒரு சிறு சாட்சியாக அமையும்.

அன்பிற்குரிய வாசகர்களே! உங்கள் வாசலில் கிடக்கும் மணல் தெற்கிலிருந்து வந்தது, வடக்கே செல்லவிருப்பது. இடையில் சிறிது காலம் உங்களிடம் தங்கியிருக்கும் அமானிதம் அது. அமானிதத்தைப் பேணுவதற்கு முதலில் அதன் அளவை அறிந்திருக்க வேண்டும். அறிந்துகொள்ளும் பொறுமையையும், அறிந்த பின் அண்டை அயலாரின் உரிமையை மறவாத உள்ளத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.